கம்பளிப்பூச்சி பட்டால்: தேய்க்கலாமா, கூடாதா?

கேள்வி: எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அப்பிக்கொள்கின்றன. மரத்தில் சாய்ந்த என் ஆறு வயது மகனுக்குக் கையும் கழுத்தும் தடித்துச் சிவந்துவிட்டன. என் மாமியார் முருங்கை இலையைக் கசக்கித் தேய்த்தும் அரிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்? பூச்சிகளைப் பந்தம் கொளுத்திக் காட்டி அழிக்கலாமா?
– ஒரு வாசகி, அரவக்குறிச்சி

பதில்: கம்பளிப்பூச்சி கடிப்பதில்லை. அதன் உடலை மூடியிருக்கும் நுண்ணிய ரோமங்கள் தோலில் குத்தி முறிந்து உள்ளேயே தங்கிவிடுவதாலும், அவற்றிலுள்ள புரதங்கள் ஒவ்வாமையைக் கிளப்புவதாலுமே தடிப்பும் அரிப்பும் உண்டாகின்றன. எனவே எந்த இலையானாலும், திருநீறானாலும், தேய்த்த உடனே ரோமம் இன்னும் ஆழமாக இறங்குவதோடு பக்கத்துத் தோலுக்கும் பரவிவிடும். பெரியவர்கள் பரிவோடு செய்வதுதான் என்றாலும் இந்த ஒன்றை மட்டும் அவர்களிடம் எடுத்துச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

முதலில் சட்டையை முகத்தில் உரசாமல், தேவைப்பட்டால் கத்தரித்தாவது கழற்றிவிட்டு, ஒட்டும் டேப்பைத் தோலில் மெல்ல ஒட்டி உரித்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுத் துண்டாக, சில முறை இப்படிச் செய்தால் பெரும்பாலான ரோமங்கள் டேப்போடு வந்துவிடும். அதன்பின் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, காலமைன் லோஷன் தடவுங்கள். அரிப்புக்கான மாத்திரையையோ ஸ்டீராய்டு களிம்பையோ குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். மூச்சு இரைந்தாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். தவழும் குழந்தை பூச்சியை வாயில் போட்டுக்கொண்டால் எச்சில் வழியும், விழுங்க முடியாமல் அழும்; வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பந்தம் காட்டுவது தோட்டங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம்தான் என்றாலும், குழந்தைகள் நடமாடும் வீட்டு முற்றத்தில் அதை நான் ஏற்கமாட்டேன். சூட்டில் கிளம்பும் ரோமங்கள் காற்றில் பறந்து கண்ணிலும் மூக்கிலும் படும். கையுறையும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, நீண்ட குச்சியால் சோப்புக் கரைசல் உள்ள வாளிக்குள் தள்ளிவிடுங்கள். உரித்துப் போட்ட தோலிலும் கூட்டிலும் ஒட்டியிருக்கும் ரோமங்களும் அரிக்கும் என்பதால் அவற்றையும் வெறுங்கையால் தொடக் கூடாது.

கேள்வி: வண்டியில் போகும்போது கம்பளிப்பூச்சி ஒன்று கண்ணில் பட்டது. கழுவியதும் சரியானது போலிருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி சிவந்து உறுத்துகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், தேனி

பதில்: உண்டு என்றே எடுத்துக்கொண்டு இன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். சில வகை ரோமங்களில் ஒரே திசை நோக்கிய முட்கள் இருப்பதால், கண்ணை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அவை முன்னோக்கி மட்டுமே நகர முடியும், பின்னோக்கி வரா. இப்படி விழிவெண்படலத்தைத் துளைத்துக்கொண்டு கருவிழிக்கும், அதையும் கடந்து கண்ணின் உட்பகுதிக்கும் செல்லும் ரோமம், போகும் வழியில் சிறு முடிச்சுகளையும் அழற்சியையும் உண்டாக்கி, வாரங்கள், மாதங்கள் கழித்துக்கூடத் தொல்லை தரும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த ரோமங்களை, ஸ்லிட் லாம்ப் என்னும் உருப்பெருக்கிக் கருவியில் இமையைப் புரட்டிப் பார்த்தே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒரே முறையில் எல்லாம் அகப்படாததால் மறுபடி மறுபடி வரச் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாகவே போட்டுக்கொள்வது ஆபத்து.

கேள்வி: கம்பளிப்பூச்சியால் உயிர் போகுமா?
– ஒரு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தென் பிரேசிலில் உள்ள லோனோமியா ஒப்லிகுவா என்ற அந்துப்பூச்சியின் புழுவால் போகும். அதன் முள்ளிலுள்ள நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து, உட்கசிவையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்குகிறது. இதற்கான முறிமருந்தை சாவோ பாவ்லோவிலுள்ள புட்டன்டான் நிறுவனம் தயாரிக்கிறது. அந்தப் புழு நம் நாட்டில் இல்லை. நம் தென்னையிலும் மாவிலும் காணப்படும் முள் நிறைந்த பச்சைப் புழு பட்டால் சுரீரென்று வலி எடுக்கும். அதற்கும் மேலே முதல் கேள்விக்குச் சொன்ன முதலுதவியே பொருந்தும்.