1974 கிங்ஸ்வுட்: எச்.க்யூவா, எச்.ஜேவா?

கேள்வி: மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் வசிக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தம் ஹோல்டன் கிங்ஸ்வுட் செடானை விற்கிறார். தாளில் 1974 என்று இருக்கிறது. எச்.க்யூ மாடல், 308 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் என்று அவர் சொல்கிறார். பார்க்க வந்த நண்பரோ அது எச்.ஜே என்கிறார். எது சரி? விலையில் வித்தியாசம் வருமா? வார இறுதிகளில் இரண்டு சிறு பிள்ளைகளோடு ஓட்டுவதற்காகத்தான் வாங்க நினைக்கிறோம். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: ஆண்டை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. 1974 அக்டோபரில்தான் எச்.க்யூ முடிந்து எச்.ஜே வந்தது. எனவே உங்கள் நண்பர் சொல்வதும் பெரியவர் சொல்வதும் இரண்டுமே நடக்கக்கூடியவை.

காரின் பின்னால் போய்ப் பாருங்கள். எச்.க்யூ செடானில் பின்விளக்குகள் பம்பருக்குள்ளேயே பதிந்திருக்கும். எச்.ஜேயில் அவை பம்பருக்கு மேலே ஏறி, பக்கவாட்டிலும் வளைந்து நிற்கும். முன்பக்கத்திலும் எச்.ஜேயின் இண்டிகேட்டர் விளக்குகள் மூலைகளைச் சுற்றி வளையும். முகம் சற்றுச் சதுரமாகவும் கனமாகவும் தெரியும். ஆனால் முன்பக்கத் தகடுகளைக் கழற்றி மாட்டலாம். விபத்துக்குப் பிறகு வேறு மாடலின் முகத்தோடு ஓடும் கார்கள் உண்டு என்பதால், முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தையே நம்புங்கள். இந்தப் பின்விளக்கு அடையாளம் செடானுக்கு மட்டுமே பொருந்தும்.

அடுத்து பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே இரண்டு தகடுகள் இருக்க வேண்டும். ஒன்று பாடி எண், மாடல், பெயின்ட், உள்ளலங்காரம் ஆகியவற்றின் குறியீடுகள் உள்ள தகடு. மற்றொன்று ஆஸ்திரேலிய வடிவமைப்பு விதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் தகடு. கார் எந்த மாதம், எந்த ஆண்டு தயாரானது என்பது அதில் இருக்கும். எச்.க்யூவா எச்.ஜேவா என்பதை இந்த இரண்டும் தீர்த்துவிடும். பதிவுத் தாளில் உள்ள ஆண்டு முதன்முதலில் பதிந்த ஆண்டாகவும் இருக்கலாம், தகடுதான் சாட்சி. ஒரு தகட்டில் மட்டும் புது ரிவெட் அடித்திருந்தாலோ, சுற்றியுள்ள பெயின்ட்டுக்கும் அதற்கும் வயது ஒத்துப்போகாவிட்டாலோ அங்கேயே நின்று காரணம் கேளுங்கள்.

இத்தனை குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை. ஹோல்டனின் முதல் கார், 48-215, 1948 நவம்பர் 29 அன்று மெல்பர்னின் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் பிரதமர் பென் சிஃப்லி முன்னிலையில் அறிமுகமானது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு எழுத்துகளே பெயர்: எஃப்.ஜே, இ.ஹெச், எச்.ஆர் என்று போகும். கிங்ஸ்வுட் என்பது வரிசையின் பெயரல்ல. அது ஒரு தரநிலை. 1968 ஜனவரியில் எச்.கே வந்தபோது, அதுவரை 'ஸ்பெஷல்' என்றிருந்த நடுத்தர மாடலுக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டது. கீழே எளிய பெல்மான்ட், மேலே வசதி கூடிய பிரீமியர். எச்.கே, எச்.டி (HT), எச்.ஜி, எச்.க்யூ, எச்.ஜே, எச்.எக்ஸ், எச்.இசட் ஆகிய ஏழு வரிசைகளிலும் கிங்ஸ்வுட் உண்டு. எனவே யாராவது 'கிங்ஸ்வுட்' என்று மட்டும் சொன்னால் அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

இந்த ஏழில் பெரிய திருப்பம் 1971 ஜூலையில் வந்த எச்.க்யூ. பாடி முழுக்கப் புதிது. செடானில் நான்கு சக்கரங்களுக்கும் காயில் ஸ்பிரிங். முன்பக்கத்துக்குத் தனியாக ஒரு துணைச் சட்டம் (சப்ஃபிரேம்). மொத்தம் 4,85,650 கார்கள். ஹோல்டனின் வேறெந்த வரிசையும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. ஆஸ்திரேலியாவில் எழுபதுகளில் வளர்ந்த பலருக்கும் அப்பாவின் கார் என்றால் கண்முன் வருவது இதுதான். அந்தப் பிரியம்தான் இன்று விலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரே நிலையில் இரண்டு கார் இருந்தால் எச்.க்யூவுக்குத்தான் கூடுதலாகக் கேட்பார்கள். ஆகவே தகட்டைப் பார்க்காமல் எச்.க்யூ விலை கொடுக்க வேண்டாம்.

ஓட்டுவதற்கு எது நல்லது என்றால் பதில் வேறு. எச்.க்யூவின் சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்கும். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பினால் முன்பக்கம் வெளிப்புறமாகவே இழுத்துக்கொண்டு போகும். எச்.ஜேயிலும் இதே குணம்தான். 1976 ஜூலையில் வந்த எச்.எக்ஸ், புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்காக எஞ்சினின் மூச்சைக் குறைத்துக்கொண்டது. இழுவை குறைந்து பெட்ரோல் செலவு கூடியது என்று அன்றைக்கே வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள். 1977 அக்டோபரில் வந்த எச்.இசட்தான் இந்தக் குடும்பத்தில் ஓட்டுவதற்கு ஆகச் சிறந்தது. ஜெர்மனியின் ஓப்பல் நிறுவனத்திலிருந்து வந்த பீட்டர் ஹானன்பெர்கர் ரேடியல் டயருக்கு ஏற்றபடி சஸ்பென்ஷனை ஒழுங்குபடுத்தினார். அதே பாடி, ஆனால் வளைவில் சொன்ன பேச்சைக் கேட்கும் கார். 1978இல் ஹோல்டனின் சிறிய கொமடோர் வந்தது. 1980இல் கிங்ஸ்வுட் செடானும் வேகனும் முடிவுக்கு வந்தன. அகலமான முன் பெஞ்ச் சீட்டில் மூவர் உட்கார்ந்து போன குடும்பங்களுக்கு அது உண்மையான இழப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இப்போது எஞ்சின். 308 என்று அவர் சொல்வதை எஞ்சின் எண்ணை வைத்துச் சரிபாருங்கள். இந்தக் காலக் கார்களில் எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் வரும்: க்யூ.எல் (QL) என்றால் 202 ஆறு சிலிண்டர், க்யூ.ஆர் (QR) என்றால் 253 வி8, க்யூ.டி (QT) என்றால் 308 வி8. 253க்கும் 308க்கும் வெளித்தோற்றம் ஒன்றே. பெயின்ட்டும் ஸ்டிக்கரும் மாற்றினால் யாருக்கும் தெரியாது. எஞ்சின் எண் தாளோடு ஒத்துப்போகாவிட்டால், எஞ்சினை மாற்றியிருக்கலாம்; ஆறு சிலிண்டர் காரில் பிறகு வி8 போட்டதாகவும் இருக்கலாம். அதுவே குற்றமல்ல, ஆனால் அந்த மாற்றத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட பொறியாளரின் சான்றிதழ் தேவையா, இருக்கிறதா என்று விசாரியுங்கள், விலையும் இறங்க வேண்டும். பெல்மான்ட்டை பிரீமியராக, சாதாரணக் காரை ஹோல்டனின் ஸ்போர்ட்ஸ் மாடலான மொனாரோ ஜி.டி.எஸ்ஸாக வேடமிடுவதும் நடக்கிறது. பிரீமியருக்குப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஹெட்லைட், கிங்ஸ்வுட்டுக்குப் பக்கத்துக்கு ஒன்று. கிரில்லை மாற்றிவிடலாம், தகட்டை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது.

உங்கள் தேவைக்கு வி8 அவசியமே இல்லை என்பது என் கருத்து. 202, அதாவது 3.3 லிட்டர், 1963இல் இ.ஹெச்சில் அறிமுகமான 'சிவப்பு மோட்டார்' குடும்பத்தைச் சேர்ந்தது. உதிரிப்பாகம் இன்றும் கிடைக்கிறது. பழகிய மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அதில் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் பல்சக்கரம் ஃபைபரால் ஆனது, வயதானால் பல் உதிர்ந்து கார் சட்டென்று நின்றுவிடும். உலோகச் சக்கரம் மாற்றப்பட்டிருந்தால் நல்லது. ட்ரைமாட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் சூடான பிறகும் ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் செலவு நிச்சயம். பெட்ரோலைப் பொறுத்தவரை, ஈயம் கலந்தது 2002 முதல் ஆஸ்திரேலியாவில் விற்கப்படுவதில்லை. ஈயமில்லாத பெட்ரோலில் பழைய வால்வு சீட்டு தேயக்கூடும் என்பதால், சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட்டு போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். எத்தனால் கலந்த மலிவுப் பெட்ரோலை இந்தக் காருக்குப் போடாதீர்கள்.

எஞ்சினைவிட நான் பயப்படுவது துருவுக்கு. எஞ்சினை ஒரு வாரத்தில் மாற்றலாம். அரித்துப்போன பாடி உங்கள் சேமிப்பை விழுங்கிவிடும். கையில் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். பின் கண்ணாடியின் கீழ் மூலைகளில்தான் முதலில் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர் இறங்கினால் டிக்கியின் தரை வரை போகும். டிக்கி விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு முன் கண்ணாடியின் அடிவிளிம்பு, கதவுகளின் அடிப்பகுதி, கதவுக்குக் கீழே ஓடும் நீளப் பட்டை, முன் மட்கார்டின் பின்முனை. காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. காரைத் தூக்கிப் பார்க்க முடிந்தால், முன் துணைச் சட்டம் பாடியோடு சேரும் போல்ட் இடங்களைக் கட்டாயம் பாருங்கள். அங்கே துரு இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றி. விக்டோரியா 1970லேயே சீட் பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கியது. உலகில் அதுதான் முதல். எனவே பின் இருக்கையிலும் பெல்ட் இருக்கும். ஆனால் குழந்தை இருக்கையின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி இடம் 1976க்கு முந்தைய கார்களில் பெரும்பாலும் இருக்காது. அதை வீட்டில் துளையிட்டுப் பொருத்த வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட பொருத்துநரிடம் செய்யுங்கள். பழைய பெல்ட்டுகளையும் அப்போதே மாற்றிவிடுங்கள். எச்.க்யூவில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்கோடு வந்தவை உண்டு. முன்சக்கரத்தில் டிஸ்க் இல்லாவிட்டால், குடும்பத்தோடு ஓட்டும் முன் அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

தாள் வேலை கடைசி. பி.பி.எஸ்.ஆர் எனப்படும் பிணையப் பதிவேட்டில் கார் மீது கடன் நிலுவையோ திருட்டுப் புகாரோ இருக்கிறதா என்று பாருங்கள். வி.ஐ.என் எனப்படும் 17 இலக்க வாகன அடையாள எண் இந்தக் காலக் கார்களுக்குக் கிடையாது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். வார இறுதிக்கு மட்டும்தான் என்றால் முழுப் பதிவுக்குப் பதிலாக விக்டோரியாவின் கிளப் அனுமதி போதும்: 25 வயது கடந்த கார்களுக்கு, அங்கீகாரம் பெற்ற கிளப்பில் உறுப்பினராக இருந்தால், ஆண்டுக்கு 45 அல்லது 90 நாள் ஓட்டலாம். ஓட்டும் நாளையெல்லாம் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். கிளப்பில் வாங்குவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள். இந்தக் கார்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர் ஒருவர் உங்களோடு வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தால், மேலே நான் எழுதியதில் பாதியை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.