தாய்வீட்டுக்கு வந்த நாரை

ஐயா வணக்கம்,

சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வந்தபோது, சாயல்குடிப் பக்கம் மேலச்செல்வனூர் கண்மாயில் மஞ்சள் மூக்கு நாரைகளைப் பார்த்தோம். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் வெளிநாட்டுப் பறவைகள் என்று என் மகனிடம் சொன்னேன். படத்தில் சிவப்பாக இருக்கும் கால் இங்கே ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பழம்பாட்டில் வரும் செங்கால் நாரை இதுதானா? மரத்தடியில் கிடந்த குஞ்சை எடுக்கப் போனவனைத் தடுத்துவிட்டேன். சரிதானா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

பையன் கண்ணுக்கு ஒரு சபாஷ். அந்த வெள்ளை நாரையின் சொந்த எச்சம். வெயில் ஏறினால் தன் காலிலேயே எச்சமிட்டுக்கொள்ளும். ஈரம் உலர உலர உடம்புச் சூடு தணியும். பாட்டில் வரும் நாரை எது என்பதைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

'வெளிநாட்டுப் பறவை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கோபம்தான். இந்த மண்ணில் குலசாமி வைத்திருப்பவர் எழுதுகிற வார்த்தையா இது? தனுஷ்கோடிச் சேற்றில் மேயும் உள்ளான் பறவைகளைச் சொல்லியிருந்தால் சரி. அவற்றில் பலவும் வடக்கே வெகுதூரத்தில் முட்டையிட்டுவிட்டு இங்கே இரைக்கு வருகிறவை. ஆஸ்திரேலியாவில் இந்த நாரையே கிடையாது. இது கருவேல மரத்தில் குச்சி அடுக்கி, மூன்று நான்கு முட்டையிட்டு, ஆணும் பெண்ணும் முறைவைத்து ஒரு மாதம் அடைகாப்பது இங்கேதான். உச்சி வெயிலில் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்து நிற்பதும் இங்கேதான். பேறுகாலம் பார்க்கிற வீட்டை நாம் தாய்வீடு என்றுதானே சொல்கிறோம்?

தில்லி மிருகக்காட்சி சாலைக் குளத்து மரங்களிலும் இதே நாரை கூடு கட்டுகிறது. அங்கே ஆகஸ்ட் வாக்கிலேயே தொடங்கிவிடும், மழை முந்தி. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகிய பிறகு. அதற்குப் பஞ்சாங்கம் தண்ணீர்தான். அலகைப் பாதி திறந்து கலங்கல் நீரில் விட்டு, காலால் சேற்றைக் கிளறி, இப்படியும் அப்படியும் துழாவும். மீன் பட்டதும் டக்கென்று மூடும். கண்ணுக்கு அங்கே பெரிய வேலையில்லை. ஆழம் இல்லாத தண்ணீரும் அதில் நெருங்கிக் கிடக்கும் மீனும் இல்லையென்றால் இங்கே குடும்பம் நடத்த முடியாது.

விருந்தாளி என்று சொல்வதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. வராத வருஷம் 'அந்த நாட்டுல என்னவோ' என்று கையைக் கழுவிவிடலாம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்ததை, கண்மாயின் உள்வாயில் சீமைக்கருவேல் மண்டியதைப் பேச வேண்டியதில்லை. நம்ம ஊர்ப் பிள்ளை ஊருக்கு வரவில்லை என்றால் அப்படி விடுவோமா? நம் பக்கத்துக் கண்மாய்களான சித்திரங்குடியையும் காஞ்சிரங்குளத்தையும் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்ததாக 2022-இல் அறிவித்தார்கள். சந்தோஷம். பட்டியல் மடைக்குத் தண்ணீர் கொண்டுவருமா?

குஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எட்டு வயதில் நானும் ஒன்றைத் தூக்கினேன். வெள்ளைப் பஞ்சு உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய அலகு. தூக்கிய மறுநொடி பாதி செரித்த மீனை என் சட்டையெல்லாம் கக்கியது. ஆடு பற்றிக்கொண்டு வந்த அப்பத்தா கம்பால் முழங்காலில் ஒன்று போட்டாள். "பயத்துல கக்குதுடா. ஆத்தாகாரி எம்புட்டுத் தூரத்துல இருந்து கொண்டாந்து ஊட்டுனதோ. எறக்கி விடு."

இறக்கி விட்டேன். குஞ்சுகள்தான் கத்தும், பெரிய நாரைக்குக் குரல் என்று சொல்ல ஒன்றுமில்லை, அலகைத் தட்டும், அவ்வளவுதான். மேலே கிளையில் நின்றது அதையும் செய்யவில்லை. அப்பத்தா மண்ணைப் போட்டுத் தேய்த்தும் சட்டையில் நாற்றம் மூன்று நாள் போகவில்லை.

தடுத்தது சரிதான். பையன் சட்டை தப்பித்தது.