எல்லோருக்கும் திறக்காத கேரக்டரைப் போட்டியில் அனுமதிக்கலாமா?

ப்ரோ, தண்டையார்பேட்டையில் நீங்கள் நடத்தும் டெக்கன் 8 சண்டை வீடியோ கேம் போட்டிக்கு, சீசன் பாஸ் (புதுக் கேரக்டர்களைக் காசு கொடுத்து முன்கூட்டியே பெறும் வசதி) வாங்கிய ஒருவர் மற்றவர்களுக்கு இன்னும் திறக்காத கேரக்டரோடு வருகிறார், அனுமதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

பாஸ்காரருக்கு 72 மணி நேரம்தானே முன்னால் கிடைக்கிறது என்று தோன்றும். 2024இல் லிடியா என்ற கேரக்டர்கூட அப்படித்தான் வந்தாள்: பாஸ்காரர்களுக்கு ஜூலை 22, மற்றவர்களுக்கு 25. ஆனால் இந்த ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது திரையில் நொடிக்கு 60 படம். எதிராளியின் அடியைத் தடுத்தபின் அவர் மறுபடி அசைய உங்களைவிட 10 ஃப்ரேம் பின்தங்கினால் உங்கள் சாதாரண ஜாப் (வேகமான சின்னக் குத்து) அவர் மேல் விழும், 9 என்றால் விழாது. எந்த அடி எந்த ரகம் என்று பிராக்டிஸ் மோடில் திரும்பத் திரும்பத் தட்டினால்தான் கைக்கு வரும். கேரக்டரே கையில் இல்லாதவர் எங்கே போய்ப் பழகுவார்? காசிமேட்டிலிருந்து இரவல் கண்ட்ரோலரோடு வருகிற பையன் அதை முதன்முதலாக மேட்ச்சிலேயே சந்திப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாஸ் வாங்கியவர் மேல் தப்பில்லை, அதை அவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் திறந்து இரண்டு வாரம் ஆன கேரக்டர்தான் என்று இன்றே வாட்ஸ்அப் குழுவில் விதியைப் போடுங்கள். அப்புறம், போட்டி முடிந்ததும் அவருடைய கன்சோலில் மற்றவர்களும் கொஞ்சம் பழகிப் பார்க்கலாமா என்று கேளுங்கள்.