வயிற்றைக் குறைத்த பிறகும் பசிக்கிறதே: கேள்வி பதில்

ஏழு ஆண்டுகளுக்கு முன் நான், உடல் எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அதற்கு முன்பே அறுவைப் பிரிவில் செவிலியராக நெடுங்காலம் வேலை பார்த்தவள். கடலூர், புதுச்சேரி பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் எல்லாமே பசியைப் பற்றியவை. பலர் அதை ஒரு குற்றம்போல எழுதியிருந்தது என்னை வருத்தியது. தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: ஸ்லீவ் செய்து பத்து நாள் ஆகிறது. பசியே இருக்காது என்றார்கள். எனக்கோ விடியற்காலை நான்கு மணிக்கே வயிற்றைக் கிள்ளுகிறது. ஆபரேஷன் பலிக்கவில்லையா?

பலித்திருக்கிறது, பயப்படாதீர்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில சமயம் அதற்கும் மேல், நீக்குகிறார்கள். அந்த மேற்பகுதியும் அதோடு போய்விடும். முதல் சில மாதங்கள் பலருக்குப் பசி அடங்கிக் கிடப்பது அதனால்தான்.

விடியற்காலையில் கிள்ளுவது பெரும்பாலும் அமிலம். அமிலத்தைக் குறைக்க வெறும் வயிற்றில் போடச் சொன்ன மாத்திரையை, வலிதான் இல்லையே என்று நிறுத்திவிட்டீர்களா? நானும் எட்டாம் நாள் நிறுத்தினேன். மறுநாள் இரவு முழுக்கத் தூக்கமில்லை. தாகமும் பசிபோலவே தோன்றும். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல் வாய் வாயாக நாள் முழுக்கக் குடியுங்கள். காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு, கடுமையான வயிற்றுவலி, இடது தோளில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே போங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: மூன்று மாதம் முடிந்தது. இரண்டு வாய் சோற்றிலேயே நெஞ்சு அடைக்கிறது. அதனால் ரசம் ஊற்றிக் கரைத்துச் சாப்பிடுகிறேன். சுலபமாக இறங்குகிறது, ஆனால் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசி.

உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. சுலபமாக இறங்குவது சீக்கிரம் வெளியேறியும்விடும். புதிய வயிறு ஒரு குறுகிய பை. அதில் கெட்டியான உணவு தங்கினால்தான் நிறைந்த உணர்வு நீடிக்கும். கரைத்த சோறு அங்கே நிற்பதில்லை. மாரி பிஸ்கெட்டும் டீயும், மிக்சர், முறுக்கு எல்லாம் இதே கதைதான். வாயிலேயே கூழாகி, எவ்வளவு தின்றாலும் தடையில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

நீங்கள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். தட்டில் முதலில் மீனை வையுங்கள். சங்கராவோ கிழங்கானோ, முள் எடுத்து, சுண்டுவிரல் நகம் அளவு துண்டு. மசிய மென்று விழுங்கி, சிறிது பொறுத்து அடுத்தது. சமைத்த மீன் 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. மீன் முடிந்த பிறகு இடமிருந்தால் காய்கறி, அதற்கும் பிறகுதான் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ரசத்தை விட மனம் வராவிட்டால் மாலையில் ஒரு டம்ளர் தனியாகக் குடிக்கலாம்.

நெஞ்சு அடைப்பதற்கு வேகமும் காரணமாக இருக்கலாம். விக்கலோ, திடீரென்று மூக்கில் நீரோ வந்தால், 'போதும்' என்று வயிறு சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சாப்பிட்டும் அடைத்தால், அல்லது அடிக்கடி வாந்தி வந்தால் மருத்துவரைப் பாருங்கள். தொடர் வாந்தியில் வைட்டமின் பி1 குறைந்து நரம்பைப் பாதிக்கும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: பைபாஸ் செய்து பதினான்கு மாதம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, அகோரப் பசி எடுக்கிறது. போன வாரம் பலாச்சுளை தின்ற அன்று மிக மோசம்.

இதைச் சாதாரணப் பசியாக எண்ண வேண்டாம். நீங்கள் சொல்வது இதய பைபாஸ் அல்ல, இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை. அந்த பைபாஸுக்குப் பின் இனிப்பு சிறுகுடலுக்கு விரைந்து போகிறது. இரத்தச் சர்க்கரை சட்டென்று ஏற, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சரிகிறது. பண்ருட்டிப் பலாவின் இனிப்பு இதற்குப் போதும். நடுக்கம் வரும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சிறிது குளுக்கோஸோ பழச்சாறோ குடித்து, தேறியதும் ஒரு முட்டையோ கொஞ்சம் பன்னீரோ சாப்பிடுங்கள். இல்லையென்றால் மறுபடியும் சரியும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள். சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே தொடர்ந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: சைவம், முட்டையும் இல்லை. நாளைக்கு 60 கிராம் புரதம் என்கிறார்கள். முடிகிற காரியமா?

முடியும், ஆனால் இட்லி சாம்பாரை நம்பி முடியாது. பால் 200 மில்லியில் 6 கிராம். பன்னீர் 50 கிராமில் 9. சோயா உருண்டை, ஊறுவதற்கு முன் 25 கிராம் எடையில் 13. தயிர் 150 கிராமில் 5. கெட்டியாக வெந்த பருப்பு ஒரு சிறு கிண்ணத்தில் 6. கூட்டினால் 39. மிச்சத்துக்குப் புரதப் பொடி ஒரு கரண்டி, அதில் 20க்கு மேல் கிடைக்கும். பொடி உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மட்டும் என்று உங்கள் வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது உணவுதான். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

வெள்ளிக்கிழமை விரதம் இருக்கலாமா?

முதல் ஆண்டில் வேண்டாம். கோயிலுக்குப் போங்கள், வயிற்றைக் காயப்போடாதீர்கள்.

வில்லியனூரிலிருந்து: பசி எடுக்க ஒரு பீர்?

பைபாஸுக்கும் ஸ்லீவுக்கும் பின் மது இரத்தத்தில் விரைவாக ஏறும், பழக்கமும் எளிதில் பற்றிக்கொள்ளும். தயவுசெய்து தொடாதீர்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து: ஸ்லீவ் செய்து நான்கு ஆண்டுகள். ஆறு கிலோ ஏறிவிட்டேன். இரவுப் பணி முடிந்து வந்தால் பசி தாங்கவில்லை. மருத்துவர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மிகக் குறைந்த எடையைத் தொட்ட பிறகு ஓரளவு திரும்ப ஏறுவது பலருக்கும் நடக்கிறது. வயிறு சற்று விரிந்துகொடுக்கிறது. இழந்த எடையை மீட்க உடல் பசியைக் கூட்டுகிறது. தூக்கம் கெட்டாலும் கிரெலின் ஏறும். இதில் உங்கள் ஒழுக்கக்கேடு எங்கே இருக்கிறது?

அடுத்த முறை பசிக்கும்போது, வெறும் வேகவைத்த முட்டையைக் கொடுத்தால் சாப்பிடுவேனா என்று உங்களையே கேளுங்கள். ஆம் என்றால் வயிற்றுப் பசி. அந்த முட்டையையே சாப்பிடுங்கள். வேண்டாம், பரோட்டாதான் வேண்டும் என்று தோன்றினால் அது களைப்போ மனச்சுமையோ கேட்பது. கடற்கரைச் சாலையில் காலையில் வண்டிகளை விடுவதற்குமுன் ஒரு நடை போய்வாருங்கள். பணிக்குக் கிளம்பும் முன்பே புரதம் மிகுந்த ஒரு வேளையைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். பசியோடு வீடு திரும்பிச் சமையலறையில் நிற்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் போன்றவையும் பசியைக் கூட்டும். என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பசியைத் தணிக்கும் ஊசி மருந்துகள் இப்போது இருக்கின்றன. அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் தருகிறார்கள். அது உங்களுக்குப் பொருந்துமா என்று அவர்தான் பார்க்க வேண்டும். ஒரு வாரம் எப்போது பசித்தது, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதி, அந்தக் குறிப்பேட்டை அவர் மேசைமேல் வையுங்கள்.