வூடி ஆலன் அதிர்ஷ்டத்தைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன்?

தம் வாழ்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது என்று அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் வூடி ஆலன் திரும்பத் திரும்பச் சொல்வது வெறும் தன்னடக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் கருத்து. அவருடைய படங்கள் உருவான விதமே அதற்குச் சான்று.

1977-இல் வெளியான 'ஆனி ஹால்', ஒரு மனிதனின் மனவோட்டங்களைச் சொல்லும் படமாகத்தான் எடுக்கப்பட்டது. தொகுப்பாளர் ரால்ஃப் ரோசன்பிளமுடன் அமர்ந்து வெட்டிச் சேர்த்தபோதுதான் அதற்குள் இருந்த காதல் கதை மேலெழுந்து வந்தது. நாயகன் தும்ம, விலையுயர்ந்த கோக்கெய்ன் பொடி முழுவதும் காற்றில் பறக்கும் புகழ்பெற்ற காட்சியோ, ஒத்திகையில் தற்செயலாக வந்த ஒரு தும்மலில் பிறந்தது. சோதனைத் திரையிடலில் பார்வையாளர்களின் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிப்போனதால், அந்த இடத்தை நீட்ட வேண்டியிருந்தது. தும்மல் தற்செயல்தான், அதைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டதையே நான் படைப்பாற்றல் என்பேன்.

2005-இல் வந்த 'மேட்ச் பாயிண்ட்', வலையின் விளிம்பில் பட்டு எழும்பிய டென்னிஸ் பந்து எந்தப் பக்கம் விழும் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது; அதைத் தீர்மானிப்பது அதிர்ஷ்டம்தான்.

அதிர்ஷ்டம் ஒருபுறம் இருக்க, உறவுகளைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆனி ஹால்' படத்தின் முடிவில் வரும் பழைய நகைச்சுவைத் துணுக்கு. தன்னைக் கோழி என்று நினைத்துக்கொள்ளும் சகோதரனை ஏன் மருத்துவமனையில் சேர்க்கவில்லை என்று மருத்துவர் கேட்க, எங்களுக்கு முட்டை வேண்டுமே என்கிறான் ஒருவன். அறிவுக்குப் பொருந்தாத உறவுகளை நாம் விடாமல் தொடர்வதும் அந்த முட்டைக்காகத்தான் என்கிறான் நாயகன்.