லினக்ஸ் நிறுவியதும் காணாமல் போன வைஃபை: கார்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் பத்து வருடப் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினேன். விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதால் என் தம்பி அதை அழித்துவிட்டு லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்தான். வேகமாக ஓடுகிறது. ஆனால் வைஃபை என்ற சொல்லே திரையில் எங்கும் வரவில்லை. விற்ற கடைக்காரர், "கார்டு போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்கிறார். போடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பொறுங்கள், இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். நேற்றுவரை விண்டோஸில் ஓடிய கார்டு, லினக்ஸ் ஏற்றிய அன்றே பழுதாவது அரிதிலும் அரிது. பெரும்பாலும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர்தான் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

முதலில், விசைப்பலகையின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட விசை இருக்கிறதா என்று பாருங்கள். சில பழைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு சிறிய சுவிட்சும் இருக்கும். விமானப் பயன்முறை இயங்கினாலோ அந்தச் சுவிட்ச் அணைந்திருந்தாலோ வைஃபை வராது. அங்கே கோளாறு இல்லையென்றால், கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியில் சிப்பின் பெயர் இருக்கும். பெயர் வந்துவிட்டாலே கணினி அந்தக் கார்டைப் பார்க்கிறது என்று பொருள். கடைக்காரரிடம் காட்ட உங்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

உங்கள் லேப்டாப்பின் வயதை வைத்துப் பார்த்தால் அங்கே பிராட்காம் என்ற பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். 2013 முதல் 2016 வரை வந்த விலை குறைந்த லேப்டாப்கள் பலவற்றில் பிசிஎம்43142 என்ற சிப்தான் இருந்தது. லினக்ஸோடு வரும் திறந்தமூல டிரைவர்கள் இதை ஆதரிப்பதில்லை. பிராட்காமின் சொந்த டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அதைப் பதிவிறக்க இணையம் வேண்டுமே, இணையம்தானே இல்லை என்று பலர் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள்.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் வயரால் லேப்டாப்பில் இணைத்து, போனின் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கம்பிவழி இணைப்பு வந்ததுபோல லினக்ஸ் உடனே இணையத்தில் சேர்ந்துவிடும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் அதையே பகிர்ந்துகொள்ளும், மொபைல் டேட்டா செலவாகாது. ஒன்றும் நடக்காவிட்டால் வயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டுமே ஏற்றும் வயர்கள் கடைகளில் ஏராளம்.

பிறகு மின்ட்டின் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பிராட்காம் டிரைவர் பட்டியலில் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்து நிறுவி, கணினியை மறுபடி தொடங்குங்கள்.

இந்த இடத்தில்தான் கவனம் தேவை. கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுபடி தொடங்கும்போது நீல நிறத் திரை ஒன்று சில நொடிகள் மட்டும் தோன்றும். அது பிழைச் செய்தி இல்லை. ஏதாவது ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். பயந்துபோய் அதைக் கடந்துவிட்டால், டிரைவர் நிறுவப்பட்டிருந்தும் வேலை செய்யாது. எல்லாம் சரியாகச் செய்தும் வரவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த நீலத் திரையைப் பற்றித்தான். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ச் செக்யூர் பூட்டை அணைப்பது மாற்று வழி.

பின்னொரு நாள் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் புதுப்பித்தபின் வைஃபை மறுபடி மறைந்தால், கணினி தொடங்கும்போது வரும் மெனுவில் முந்தைய கர்னலைத் தேர்ந்து உள்ளே வாருங்கள். இந்த டிரைவர் ஒவ்வொரு கர்னலுக்கும் புதிதாகத் தொகுக்கப்படுவது, சில சமயம் அது தோற்றுப்போகும்.

இதற்குப் பிறகும் வரவில்லையென்றால் மட்டும் கார்டைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் லேப்டாப்பைத் திறந்து, உள்ளே இருப்பது மினி பிசிஐஇ வகையா, எம்.2 வகையா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். எம்.2 என்றால் இன்டெல் ஏஎக்ஸ்210 நல்ல தேர்வு. பெயரில் ஒத்திருக்கும் ஏஎக்ஸ்211 வேண்டாம், அது குறிப்பிட்ட இன்டெல் கணினிகளில் மட்டுமே ஓடும்.

கேள்வி: இணையத்தில் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கினேன். பெட்டியில் லினக்ஸுக்கு ஏற்றது என்று இருக்கிறது. லினக்ஸ் மின்ட் 22இல் செருகினால் ஒரு சிடி படம் தோன்றுகிறதே தவிர, வைஃபை வரவில்லை. திருப்பிக் கொடுக்க முடியுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முதலில் அந்தச் சிடி படத்தின் மேல் வலது சொடுக்கு செய்து 'இஜெக்ட்' கொடுங்கள். இவ்வகை டாங்கிள்கள் பல, விண்டோஸ் டிரைவரை வைத்திருக்கும் சிடியாகத்தான் முதலில் தம்மைக் காட்டிக்கொள்ளும். வெளியேற்றியதும் வைஃபை கருவியாக மாறிவிடக்கூடும்.

மாறவில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பனையாளருக்குச் சொல்கின்றன. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் பெட்டியின் பின்புறச் சிறிய எழுத்தை இப்போதே படம் எடுத்து வையுங்கள். சில பெட்டிகளில் எந்தக் கர்னல் வரை என்றும் அச்சிட்டிருப்பார்கள். மின்ட் 22 வருவது 6.8 கர்னலோடு. பெட்டியில் 4.4 வரை என்று இருந்தால் விற்றவர் அதையே பிடித்துக்கொள்வார்.

அடுத்த முறை வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் சிப், லினக்ஸில் செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே இருப்பது ரியல்டெக், அது வேறு கதை. பெயரும் வெளித்தோற்றமும் அப்படியே இருக்க, பதிப்பு எண் மட்டும் மாறியிருக்கும். ஆகவே சிப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீடியாடெக் எம்டி7612யு, எம்டி7610யு சிப்கள் என்றால் 4.19 கர்னலில் இருந்தே ஆதரவு உண்டு.