லேப்டாப் சூடாகிக் காற்றாடி கத்தினால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி இது: "கோலாலம்பூர் செத்தாபாக்கில் அறை எடுத்துப் படிக்கிறேன். அறையில் ஏர்கோன் கிடையாது. லேப்டாப் வாங்கி 4 வருடம் ஆகிறது. பிரவுசரைத் திறந்தாலே காற்றாடி கத்த ஆரம்பித்துவிடுகிறது, அடிப்பக்கம் மடியில் வைக்க முடியாத சூடு. கூலிங் பேட் வாங்கலாமா, இல்லை லேப்டாப்பையே மாற்றிவிடலாமா?"

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், தம்பி. அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. காற்றாடி முழு வேகத்தில் ஓடும்போது, காற்று வெளியேறும் ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். திரைக்குக் கீழே பின்பக்கமாகவோ ஓரத்திலோ அது இருக்கும். சத்தத்தைக் கேட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். ஆனால் கோளாறு எங்கே என்று காட்டிக்கொடுப்பது அந்தக் காற்றுதான்.

லேப்டாப்புக்குள் செயலியின் (சிபியு) மேல் ஒரு செப்புத் தகடு உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட். தகட்டிலிருந்து ஒரு குழாய் வெப்பத்தை ஓரத்தில் இருக்கும் மெல்லிய உலோகச் சீப்புக்குக் கொண்டுபோகும். காற்றாடி அந்தச் சீப்பின் வழியாகக் காற்றைத் தள்ளும். அவ்வளவுதான் ஏற்பாடு. இப்போது கையில் பட்டது என்ன? காற்று வேகமாகவும் நல்ல சூடாகவும் வந்தால் இந்த ஏற்பாட்டில் குறை இல்லை, செயலிக்குத்தான் வேலை அதிகம். காற்றாடி கத்தியும் காற்று சன்னமாக வந்தால் சீப்பில் தூசி அடைத்திருக்கிறது. காற்று பலமாக வந்தும் வெறும் வெதுவெதுப்பாக இருந்து, செயலி மட்டும் கொதித்தால், பேஸ்ட் காய்ந்து வெப்பம் தகட்டுக்கே போய்ச் சேரவில்லை. செயலியின் சூட்டைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். வேலை செய்யும்போது 80, 85 டிகிரி வருவதில் பயப்பட ஒன்றுமில்லை. பல இன்டெல் செயலிகள் 100 டிகிரியைத் தொடும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே 70க்கு மேல் நின்றால்தான் ஏதோ சரியில்லை.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மதியம் 33 டிகிரி இருக்கும் அறையில் ஓடும் லேப்டாப், 23 டிகிரி ஏர்கோன் அறையில் அதே வேலையைச் செய்யும் லேப்டாப்பைவிட ஏறக்குறைய அந்த 10 டிகிரி கூடுதலாகத்தான் காட்டும். குளிர்நாட்டுக்காரர்கள் யூடியூபில் காட்டும் எண்களைப் பார்த்து மனசு உடைந்துபோகாதீர்கள்.

காற்று வேகமாகவும் சூடாகவும் வரும் முதல் வகை என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு வரிசையில் யார் மேலே நிற்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பிரவுசர்தான். குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்தத் தாவல் தின்கிறது என்பதுவரை தெரியும். அப்புறம், இப்போதைய செயலிகளின் குணம் ஒன்று உண்டு. பெயருக்கு 15 வாட் என்றிருக்கும், சின்ன வேலை வந்தாலும் சில விநாடிகளுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். பிரவுசரைத் திறந்த உடனே காற்றாடி துள்ளுவது அதனால்தான். விண்டோஸ் 11-இல் பவர் மோடைச் சிக்கன நிலைக்கு மாற்றுங்கள். அது போதாவிட்டால் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய், செயலியின் உச்ச அளவை 100 இலிருந்து 99 சதவீதமாக்குங்கள். அந்த ஒரு சதவீதக் குறைப்பில், செயலி தற்காலிகமாக வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் டர்போ நின்றுவிடும். அசைன்மென்ட் எழுதவும் வீடியோ பார்க்கவும் பெரிய வித்தியாசம் தெரியாது, சத்தம் மட்டும் குறையும். சில புதிய லேப்டாப்களில் அந்த வரி மறைந்திருக்கும். அப்படியானால் லேப்டாப் நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் இருக்கும் அமைதி நிலையைப் பயன்படுத்துங்கள். லெனோவோ பலவற்றில் எஃப்என், கியூ சேர்த்து அழுத்தினாலே மாறும்.

ஆனால் 4 வருடம், ஏர்கோன் இல்லை, சன்னல் எப்போதும் திறந்திருக்கும் என்றால் என் சந்தேகம் தூசி மேல்தான். அக்கம்பக்கத்தில் லேப்டாப் படுத்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். செந்தூலில் ஓர் அக்கா வீட்டு லேப்டாப்பைத் திறந்தபோது காற்றாடியின் இதழ்கள் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தன. அடிப்பக்கச் சல்லடை வழியாக டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் ஒன்றுமில்லை என்றே தோன்றியிருக்கும். காற்றாடியைக் கழற்றி எடுத்த பிறகுதான் தெரிந்தது, அதற்கும் சீப்புக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், கம்பளித் துண்டு மாதிரி. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன், முழுசாக உரிந்து வந்தது. தொட்டால் பிசுபிசுப்பு. அந்த வீட்டில் படிக்கும் மேசை சாமி மேடைக்குப் பக்கத்தில், அடுத்த சுவருக்குப் பின்னால் சமையலறை. மாலையில் சாம்பிராணி, காலையில் தாளிப்பு. வெறும் தூசி என்றால் ஊதினால் போய்விடும். புகையும் எண்ணெய் ஆவியும் சேர்ந்த தூசி ஒட்டிக்கொள்ளும், ஈரக்காற்று அதை இன்னும் இறுக்கும்.

அதனால்தான் வெளியிலிருந்து ஊதிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது என்கிறேன். காற்று வெளியேறும் ஓட்டையில் ஊதினால் அந்தப் படலம் பின்னால் நகர்ந்து காற்றாடியில் சிக்கும், இரண்டு நாளில் பழையபடி வந்து அடைக்கும். அடிமூடியைத் திறக்கத்தான் வேண்டும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. திருகாணிகள் ஒரே நீளம் இருக்காது. ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்தில் கழற்றினீர்களோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளமானதைக் குட்டையானதின் குழியில் முறுக்கினால் மேல்பக்கம் புடைத்துவிடும். ஊதும்போது காற்றாடி சுழலாமல் ஒரு பல் குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்; தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். அழுத்திய காற்று அடைத்த டின் வாங்கினால் நிமிர்த்தியே பிடியுங்கள், கவிழ்த்தால் திரவம் பீய்ச்சும். வாரண்டி இன்னும் இருந்தால் எதையும் திறக்காமல் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

பேஸ்ட் மாற்றுவது கை பழகியவர் வேலை. பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியதை மெல்லியதாகப் போட வேண்டும். நீங்களே செய்யப் பயமாக இருந்தால் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசா பக்கம் போங்கள். மோனோரெயிலில் இம்பியிலோ புக்கிட் பிந்தாங்கிலோ இறங்கினால் நடக்கிற தூரம்தான். கடைக்குக் கடை கேட்கும் வெள்ளி மாறும். திறப்பதற்கு முன்பே விலையைப் பேசிக்கொள்ளுங்கள், உங்கள் கண் முன்னால் திறப்பார்களா என்றும் கேளுங்கள். உங்களுடையது அசுஸ் ஆர்ஓஜி மாதிரி கேமிங் லேப்டாப் என்றால் ஒரு எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றில் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும், ஒரு சொட்டு தவறி விழுந்தால் போர்டே போய்விடும்.

கூலிங் பேட்? அடிப்பக்கமாகக் காற்றை இழுக்கும் லேப்டாப்புக்குச் சில டிகிரி குறைக்கும், மறுக்கவில்லை. அடைத்துப்போன சீப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மெத்தையில் வைப்பதை நிறுத்திவிட்டு, மேசையில் பின்பக்கக் கால்களுக்குக் கீழே இரண்டு பாட்டில் மூடிகளை வைத்துப் பாருங்கள். அடியில் காற்றுப் போக இடம் கிடைப்பதாலேயே ஓரளவு பலன் தெரியும்.

சத்தத்தில் ஒரு வகையை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. காற்று இரைவது வேறு, கரகரவென்று உரசுவது வேறு. உரசினால் காற்றாடியின் பேரிங் போய்விட்டது, சுத்தம் செய்து பயனில்லை. காற்றாடியின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படம் எடுத்து, அதே எண்ணில் புதியது வாங்கி மாட்டினால் போதும்.

மூடியைத் திறக்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலும், மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்படியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ செய்யாதீர்கள், அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள்.